அப்டேட் கேச் இருந்தும் ஆபீஸ் நெட் இழுக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

பெங்களூர் அல்சூரில், ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டு மாடிகளில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. நான் சேர்ந்தபோது 14 சிஸ்டம். இப்போது 70: விண்டோஸ் 52, உபுண்டு 14, மேக் 4. சிஸ்டம் கூடக் கூட, அப்டேட்டுகளை உள்ளேயே சேமித்துப் பகிரும் ஏற்பாடுகளை, அதாவது கேச்களை, ஒவ்வொன்றாகச் செய்தேன். விண்டோஸுக்கு டெலிவரி ஆப்டிமைசேஷன் (சிஸ்டங்கள் அப்டேட்டை ஒன்றுக்கொன்று பகிரும் வசதி), உபுண்டுவுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஏபிடி-கேச்சர்-என்ஜி, மேக்குகளுக்கு ஆப்பிளின் கன்டென்ட் கேஷிங்.

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு மாத விண்டோஸ் அப்டேட் 700 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 52 சிஸ்டமும் தனித்தனியாக இறக்கினால் 36 ஜிபிக்கு மேல் ஆகிறது. 100 எம்பிபிஎஸ் லைனை முழுக்க அதற்கே கொடுத்தாலும் 48 நிமிஷம் ஓடும், அதுவும் வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால்.

பிழை தேட உட்காரும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளூர் கேச் வேலை செய்யாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. சிஸ்டம் பேசாமல் இன்டர்நெட்டுக்குப் போய் அப்டேட்டை இறக்கிக்கொள்ளும். 'அப்டேட் ஆகிவிட்டது' என்று பச்சை டிக் தெரியும். கேச் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த சிஸ்டத்துக்கு அப்டேட் எந்த வழியாக வந்தது?

அறிகுறி: மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை நெட் படுத்துவிடுகிறது

மைக்ரோசாஃப்ட் மாதாந்தர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நம் கடிகாரத்தில் அது செவ்வாய் இரவு 10.30, அங்கே குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.30. அந்த நேரத்தில் நம் ஆபீஸ் சிஸ்டங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை 9.30 மணிக்கு எல்லோரும் வந்து ஆன் செய்ததும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

எங்கள் ஆபீஸில் இதை முதலில் கண்டுபிடித்தது டெஸ்டிங் டீமில் இருக்கும் ஒரு பெண். "அண்ணா, கிளையன்ட் கால்ல வாய்ஸ் கட்டாகுது. போன மாசமும் இதே மாதிரி ஒரு புதன்கிழமைதான்" என்றாள். அந்தப் 'புதன்கிழமை' என்ற சொல்லில்தான் விடை இருந்தது.

அவளுடைய லேப்டாப்பிலேயே பார்த்தேன். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் டெலிவரி ஆப்டிமைசேஷன், கடைசியாக ஆக்டிவிட்டி மானிட்டர். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து எத்தனை சதவீதம், உள் நெட்வொர்க்கில் உள்ள சிஸ்டங்களிலிருந்து எத்தனை சதவீதம் என்று அங்கே தெரியும். உள் நெட்வொர்க் 0. பக்கத்து மேசையில் பார்த்தேன், அங்கேயும் 0. 14 சிஸ்டம் இருந்த காலத்தில் இதே இடத்தில் பாதிக்கு மேல் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு லேப்டாப்பிலும் பிரவுசரைத் திறந்து, வெளி ஐபி (இன்டர்நெட்டுக்கு நம் சிஸ்டம் தெரியும் முகவரி) என்ன என்று காட்டும் பக்கம் ஒன்றுக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே வைஃபை, ஆனால் வெளி ஐபி வேறு வேறு.

காரணம் இதுதான். ஆபீஸ் வளர்ந்ததும் இரண்டாவது பிராட்பேண்ட் லைன் வாங்கி, இரண்டிலும் சுமையைப் பிரித்து அனுப்பும்படி ரவுட்டரில் லோடு பேலன்ஸ் செய்து வைத்திருந்தோம். டெலிவரி ஆப்டிமைசேஷன் சாதாரணமாக ஓடுவது லேன் மோடில், அதாவது மோடு 1. அந்த மோடில் ஒரு சிஸ்டம் தன் சுற்றுவட்டாரத்தைத் தானாகத் தேடுவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சேவையிடம் 'என்னோடு யார் இருக்கிறார்கள்' என்று கேட்கும். அந்தச் சேவை ஒரே வெளி ஐபியில் தெரிகிற சிஸ்டங்களை ஒரே இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இரண்டு லைன் வந்ததும் எங்கள் ஆபீஸ் அதன் கண்ணுக்கு இரண்டு ஆபீஸாகிவிட்டது. கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் லைன் மாறும்படி ரவுட்டர் அமைந்திருந்தால் இன்னும் மோசம், யார் யாரோடு என்று அதற்கே பிடிபடாது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ரவுட்டரில் லோடு பேலன்ஸை எடுத்துவிட்டு ஃபெயில்ஓவர் வைக்கலாம்: ஒரு லைன் எப்போதும் ஓடும், அது செத்தால் மட்டும் மற்றது எழுந்திருக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது லைன் சும்மா கிடக்கும். நான் எடுத்தது மற்ற வழி. குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை நிர்வாகி மாற்றும் இடம்) டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதிக்குப் போய் டவுன்லோட் மோடை 2, அதாவது குரூப் என்று மாற்றினேன். பவர்ஷெல்லில் நியூ-கைட் கட்டளை கொடுத்தால் நீளமான ஓர் அடையாள எண் கிடைக்கும். அதையே குரூப் ஐடியாக எல்லா சிஸ்டத்துக்கும் கொடுத்தேன். அதன் பிறகு வெளி ஐபி எதுவாக இருந்தாலும் ஒரே ஐடி உள்ளவை ஒரே குழு. உங்களுக்குச் சென்னையிலோ ஓசூரிலோ கிளை இருந்தால் அங்கே வேறு ஐடி கொடுங்கள். இல்லையென்றால் சிஸ்டங்கள் கிளைக்குக் கிளை பகிரப் பார்க்கும். இன்டர்நெட் லைனை மிச்சப்படுத்தப் போய் அதே லைனில் சுமை ஏற்றியதாகிவிடும்.

இதில் ஒரு தடங்கல் வரலாம். ஹோம் எடிஷனில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. அவசரத்துக்குக் கடையில் வாங்கி வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். ஆபீஸ் வளரும்போது ப்ரோ எடிஷனுக்கான செலவையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

குரூப் மாற்றிய பிறகும் மேல் மாடியில் உள் நெட்வொர்க் பங்கு ஏறவில்லை. கீழ் மாடியில் ஏறிவிட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், கீழே பாதிப் பேர் கேபிள், மேலே எல்லோரும் வைஃபை. மேல் மாடி ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை தரும் பெட்டியில்) கிளையன்ட் ஐசொலேஷன் ஆனில் இருந்தது. கெஸ்ட் வைஃபைக்குப் போட வேண்டிய அமைப்பு அது. அது ஆனில் இருந்தால் ஒரு லேப்டாப் இன்டர்நெட்டுக்குப் போகலாம், பக்கத்து லேப்டாப்போடு பேச முடியாது. சிஸ்டங்கள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வது 7680 என்ற டிசிபி போர்ட்டில். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்குப் பக்கத்து சிஸ்டத்தின் ஐபியையும் 7680-ஐயும் கொடுத்துப் பாருங்கள். இணையவில்லை என்றால் ஐசொலேஷன், விலேன்களுக்கு (தனித்தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்குகளுக்கு) இடையிலான விதி, ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வால் என்று அந்த வரிசையில் தேடுங்கள்.

எல்லாம் திறந்திருந்தும் ஒரு சில சிஸ்டம் மட்டும் பகிராமல் இருந்தால், அது விபிஎன்னில் இருக்கிறதா பாருங்கள். விபிஎன் ஓடும்போது பகிர்வதை விண்டோஸ் இயல்பாகவே நிறுத்திவைக்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் மற்றவர்களுக்கு அனுப்பாது. ரேம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பகிர்வில் சேரவே சேராது.

இந்த அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய அப்டேட்டைப் பார்த்து பயந்து, இரண்டு டெஸ்க்டாப்புக்கு மட்டும் உடனே விட்டு, மற்றவற்றுக்கு ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்ல பழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் டெலிவரி ஆப்டிமைசேஷன் தன் கேச்சில் ஒரு ஃபைலை வைத்திருப்பது இயல்பாக 3 நாள் மட்டும். புதன்கிழமை இறக்கியது ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடும். அடுத்த புதன் மற்ற 50 சிஸ்டமும் கேட்கும்போது கொடுக்க யாரிடமும் இருக்காது. அதே பாலிசிப் பகுதியில் மேக்ஸ் கேச் ஏஜ் என்று இருக்கும், கணக்கு விநாடியில். 604800 என்றால் 7 நாள். உங்கள் தள்ளிப்போடும் நாட்களைவிட இரண்டு மூன்று நாள் கூடவே வையுங்கள்.

அறிகுறி: மேக்கில் கன்டென்ட் கேஷிங் ஆன், ஆனால் யாரும் அதிலிருந்து எடுப்பதில்லை

மேலே சொன்ன அதே இரட்டை லைன் நோய்தான். ஆப்பிளின் கேச்சும் ஒரே வெளி ஐபியை வைத்துத்தான் தன் ஆட்களை அடையாளம் காண்கிறது. ஷேரிங் பக்கத்தில் கன்டென்ட் கேஷிங்கின் ஆப்ஷன்ஸில், உள்ளூர் நெட்வொர்க்கின் வெளி ஐபிகளை நீங்களே கொடுக்க இடம் இருக்கிறது. கொடுத்தால், டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் பட்டியல்) சேர்க்க வேண்டிய டெக்ஸ்ட் ரெக்கார்டையும் அதுவே எழுதித் தரும். இரண்டையும் செய்தால்தான் வேலை முடியும். கேச் வைத்திருக்கும் மேக் கேபிளில் இருக்க வேண்டும், தூங்கக் கூடாது. நான்கு மேக்குக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

அறிகுறி: உபுண்டுவில் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்'

இறங்கிய ஃபைலின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற பிழை இது. இது வந்ததும் எல்லோரும் செய்வது, அந்த சிஸ்டத்தில் ஏபிடி (உபுண்டுவில் பேக்கேஜ் இறக்கும் கருவி) லிஸ்ட்டுகளை அழித்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுப்பது. கேச் நடுவில் இருக்கும்போது அதனால் பயன் குறைவு. கெட்டுப்போன ஃபைல் கேச் பெட்டியில் (அந்தப் பழைய டெஸ்க்டாப்பில்) உட்கார்ந்திருந்தால், அழித்த இடத்தில் அதே கெட்ட ஃபைல் திரும்ப வந்து உட்காரும்.

முதலில் குற்றவாளி கேச்தானா என்று பாருங்கள். ஒரு சிஸ்டத்தில் மட்டும், கேச் வழியாகப் போகச் சொல்லும் ப்ராக்ஸி அமைப்பை எழுதி வைத்த ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு அப்டேட் கொடுங்கள். நேரடியாகப் போய்ச் சரியாக வந்தால் பிழை கேச்சில். நேரடியாகவும் வராவிட்டால் மிரர் (பேக்கேஜுகளின் நகல் வைத்திருக்கும் சர்வர்) பக்கம் ஏதோ சமன் ஆகாமல் இருக்கலாம். சற்று நேரம் விட்டுப் பாருங்கள், அல்லது மிரரை மாற்றுங்கள்.

கேச் பெட்டிதான் என்று தெரிந்தால், அதில் முதலில் டிஸ்க் இடத்தைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு தடவை வந்தது அதனால்தான். நான் போட்டிருந்தது 120 ஜிபி எஸ்எஸ்டி. டெவலப்பர்கள் மூன்று விதமான உபுண்டு வெர்ஷன் வைத்திருந்தார்கள், டாக்கர் (மென்பொருளைத் தனிப் பொதியாகக் கட்டி ஓட்டும் கருவி) இமேஜ்கள் கட்டும்போது வேறு டெபியன் பேக்கேஜுகளும் வந்து சேர்ந்தன. டிஸ்க் 100 சதவீதம். பாதி எழுதிய ஃபைல்கள் அப்படியே கிடந்தன. எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 1 டிபி டிஸ்க் வாங்கி வந்து மாற்றினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இதே கதைதான். அந்தப் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் சேருங்கள். ரவுட்டருக்கு யுபிஎஸ் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இடம் சரி என்றால், பிரவுசரில் கேச் பெட்டியின் ஐபியை 3142 போர்ட்டோடு திறந்து, அதன் ரிப்போர்ட் பக்கத்துக்குப் போங்கள். ஹிட் (கேச்சிலிருந்தே கொடுத்தது), மிஸ் (வெளியே போய் எடுத்தது) கணக்கு அங்கேயே இருக்கும். கீழே எக்ஸ்பிரேஷன் பகுதியில், ஃபைல்களின் உள்ளடக்கத்தைச் செக்சம் வைத்துச் சரிபார்க்கும் ஆப்ஷனை டிக் செய்து ஓட விடுங்கள். மெதுவாகத்தான் ஓடும், மதிய சாப்பாட்டு நேரத்தில் விடுங்கள். கெட்டவற்றைப் பட்டியல் போட்டுக் காட்டும், அவற்றை மட்டும் நீக்கலாம். அவசரத்தில் கேச் ஃபோல்டரையே அழித்து ரூட்டாகப் புதிதாக உருவாக்கிவிடாதீர்கள். அந்த சர்வீஸ் தன் பெயரிலுள்ள தனி யூசராக ஓடுகிறது. ஃபோல்டர் ரூட்டின் பெயரில் இருந்தால் அதனால் எழுத முடியாது, அடுத்த பிழை ஆரம்பமாகும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பிழை போகட்டும் என்று ஏபிடியின் கையெழுத்துச் சரிபார்ப்பை அணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கேச் வழியாக, பூட்டு இல்லாத எச்டிடிபியில் வரும் பேக்கேஜை நாம் நம்ப முடிவதே அந்தக் கையெழுத்து இருப்பதால்தான். ஹேஷ் பொருந்தவில்லை என்று அது நிறுத்துவது நம்மைக் காப்பாற்றத்தான்.

அறிகுறி: உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜ் வருகிறது, டாக்கர் ரெப்போ மட்டும் 403

ரெப்போவின் (பேக்கேஜ் கிடங்கின்) முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா பாருங்கள். ஏபிடிக்கு எச்டிடிபி ப்ராக்ஸி மட்டும் சொல்லியிருந்தாலும் எச்டிடிபிஎஸ்ஸையும் அதே வழியில் அனுப்பப் பார்க்கும். பூட்டிய எச்டிடிபிஎஸ் தன் வழியாகச் சுரங்கப்பாதை போலப் போவதை ஏபிடி-கேச்சர்-என்ஜி இயல்பாக அனுமதிப்பதில்லை, 403 (அனுமதி இல்லை) கொடுத்துவிடும்.

சுலபமான தீர்வு, சிஸ்டங்களில் எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸிக்கு 'டைரக்ட்' என்று ஒரு வரி சேர்ப்பது. பேக்கேஜ் வரும், ஆனால் கேச்சில் தங்காது. பாஸ்த்ரூ பேட்டர்ன் அமைப்பில் அந்த ஹோஸ்ட்டை அனுமதித்தாலும் இதே பலன்தான். கேச்சில் தங்கவும் வேண்டும் என்றால் ரெப்போ முகவரியை மாற்றி எழுத வேண்டும்: எச்டிடிபி என்று தொடங்கி, வழக்கமான இரட்டைக் கோட்டுக்குப் பிறகு பெரிய எழுத்தில் எச்டிடிபிஎஸ், அதையடுத்து மூன்று சாய்வுக் கோடு, பிறகு உண்மையான முகவரி. இதைப் பார்த்ததும் கேச் பெட்டி, தான் வெளியே எச்டிடிபிஎஸ்ஸில் போய் எடுத்து வந்து, உள்ளே எச்டிடிபியில் கொடுக்கும். 14 உபுண்டு சிஸ்டத்தில் 11 டாக்கர் வைத்திருந்ததால் நான் இந்த வழியை எடுத்தேன். ஒருவர் இருவருக்கு மட்டும் தேவைப்படும் ரெப்போவுக்கு 'டைரக்ட்' போதும்.

அறிகுறி: நேற்று வரை வந்தது, இன்று எந்த உபுண்டுவும் இணையவில்லை

விண்டோஸ் போல ஏபிடி சத்தமில்லாமல் வெளியே போகாது. ப்ராக்ஸி கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். ஒரு வகையில் நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு திங்கட்கிழமை எனக்கு இது நடந்தது. சனிக்கிழமை நீண்ட நேரம் கரண்ட் போய் எல்லாம் அணைந்து எழுந்ததில், கேச் பெட்டிக்கு டிஹெச்சிபி (ஐபியைத் தானாகப் பங்கிடும் சேவை) வேறு ஐபி கொடுத்துவிட்டது. 14 சிஸ்டமும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தன. ரவுட்டரில் அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கார்டுக்குரிய நிலையான எண்ணுக்கு (மேக் அட்ரஸ்) ஐபியை ரிசர்வ் செய்ததும் தீர்ந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்று: ஆபீஸில் வருகிறது, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அப்டேட் ஆகவில்லை. சிஸ்டம் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் கேச்சைத் தேடுகிறது. எங்களில் பாதிப் பேர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். இந்த ஊர் டிராஃபிக்கில் அது மாறப்போவதில்லை. ஆட்டோ-ஏபிடி-ப்ராக்ஸி என்ற பேக்கேஜைப் போட்டு, கையால் எழுதிய ப்ராக்ஸி வரியை நீக்கிவிடுங்கள். கேச்சைக் கண்டுபிடிக்க முடிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நேராகப் போகும்.

அறிகுறி: டபிள்யூசஸ் கன்சோலில் சிஸ்டங்கள் வருவதும் மறைவதுமாக இருக்கின்றன

டபிள்யூசஸ் (விண்டோஸ் அப்டேட்டை ஆபீஸுக்குள் வைத்து விநியோகிக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர்) பற்றி என் எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த அப்டேட் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக அனுமதிக்கும் தேவை இல்லாத ஆபீஸ், 100 சிஸ்டத்துக்குக் கீழே, அதைப் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் அதில் இனிப் புதிய வசதிகள் வராது என்று அறிவித்துவிட்டது, இருப்பது ஓடும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பத்து சிஸ்டம் வாங்கி, ஒன்றில் எல்லாம் நிறுவி, அந்த டிஸ்க்கை மற்ற ஒன்பதுக்கும் குளோன் செய்திருந்தால், பத்துக்கும் ஒரே அடையாளம் இருக்கும். கன்சோலில் ஒரு வரிதான் தெரியும், அதன் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குளோனிலும் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்தி, ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் அப்டேட் கீயின் கீழ் உள்ள சஸ்-கிளையன்ட்-ஐடியையும் அதன் வேலிடேஷன் மதிப்பையும் அழித்து, சர்வீஸை மறுபடி ஓட விடுங்கள். புது ஐடி தானாக உருவாகும்.

ஒரு சிஸ்டம் கூடத் தெரியவில்லை என்றால் பாலிசியில் கொடுத்த சர்வர் முகவரியைப் பாருங்கள், கடைசியில் 8530 என்ற போர்ட் விட்டுப்போயிருக்கும். சிஸ்டங்களில் 80244022 என்று முடியும் பிழை எண் வந்தால் சர்வர் 503 (சேவை இப்போது கிடைக்காது) கொடுக்கிறது என்று பொருள். சர்வரில் ஐஐஎஸ்ஸை (விண்டோஸின் வெப் சர்வர்) திறந்து டபிள்யூசஸ் பூல் நின்றிருக்கிறதா பாருங்கள். அதன் மெமரி வரம்பு இயல்பாக 1843200 கேபி, சுமார் 1.8 ஜிபி. சிஸ்டம் கூடியதும் அது பற்றாமல் பூல் விழும். வரம்பை உயர்த்துங்கள், கியூ அளவை 1000-லிருந்து 2000 ஆக்குங்கள். பழைய, வேறொன்றால் மாற்றப்பட்ட அப்டேட்டுகளை டிக்லைன் செய்து கிளீனப் ஓட்டுங்கள். டிரைவர்களையும் தேவையில்லாத மொழிகளையும் எடுத்துவிட்டால் டிஸ்க்கும் மூச்சுவிடும்.

அறிகுறி: ஸ்க்விட் வைத்தேன், சின்ன ஃபைல் மட்டும் ஹிட் ஆகிறது

ஸ்க்விட் ஒரு பொதுவான வெப் கேச் ப்ராக்ஸி. அது டிஸ்க்கில் வைக்கும் ஒரு ஃபைலின் உச்ச அளவு இயல்பாக 4 எம்பி. கெர்னல் பேக்கேஜெல்லாம் அதில் அடங்காது. மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸை உயர்த்தி, அந்த வரியைக் கேச் டைரக்டரி வரிக்கு மேலே எழுதுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு ஸ்க்விட்டை நம்ப வேண்டாம். விண்டோஸ் ஒரு ஃபைலைத் துண்டு துண்டாகக் கேட்கும், ஸ்க்விட்டுக்கு அது ஒத்துவர நிறைய வித்தை காட்ட வேண்டும்.

அறிகுறி: எல்லாம் ஹிட், ஆனாலும் மெதுவாக வருகிறது

ரிப்போர்ட்டில் ஹிட் ஏறிக்கொண்டே இருந்தது, ஆனாலும் உபுண்டு சிஸ்டங்களில் இறக்கும் வேகம் விநாடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. எத்தனை பேர் இறக்கினாலும் அந்த 11-ஐத்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த எண்ணே சொல்லிவிட்டது: அது 100 எம்பிபிஎஸ் லிங்க்கின் உச்சம். ஸ்விட்ச் ஜிகாபிட், பெட்டியின் நெட்வொர்க் கார்டும் ஜிகாபிட். பெட்டியில் லிங்க் வேகத்தைக் கேட்டால் 100 என்றது.

மிச்சம் கேபிள்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய ஆள் யாரோ கிரிம்ப் செய்தது. எட்டு வயரில் பிரவுன் ஜோடி இரண்டும் கனெக்டரின் முனை வரை போகவே இல்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு வயர் போதும், அதனால் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டி, எட்டு வயரையும் வரிசைப்படுத்தி, புது கனெக்டர் போட்டு அழுத்தினேன். செருகியதும் லிங்க் 1000 என்று வந்தது. மேல் மாடியில் ஒரு பையன் அப்போதுதான் அப்கிரேட் ஓட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, திடீர்னு பறக்குது" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தான்.